சுவர் ஓவியத்தைப் படமெடுத்து விற்கலாமா?

மொபைல் போனில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்ததாகக் கேட்பது, இவற்றை விற்க முடியுமா என்பதுதான். தாராளமாக விற்கலாம். ஆனால் படத்தில் இருப்பது வேறொருவர் வரைந்த சுவர் ஓவியம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 'தெருவில் இருப்பது எல்லோருக்கும் பொது, கிளிக் செய்தது நான்' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

நமது 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலைகளையும் போட்டோ எடுத்து வெளியிட அனுமதிக்கிறது. அந்த வரிகளில் ஓவியம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பொது இடத்திலுள்ள அதே ஓவியத்தை சினிமாவில் காட்ட சலுகை உண்டு!

மும்பை மாஹிமில் மெக்சிகோ ஓவியர் பாவ்லா டெல்ஃபின் வரைந்த 'ஹியூமானிட்டி' என்ற சுவர் ஓவியத்தை அக்கோ இன்சூரன்ஸ் நிறுவனம் தன் விளம்பர ஹோர்டிங்கில் பயன்படுத்தியது. ஸ்டார்ட் இந்தியா அமைப்பு வழக்குப் போட்டது. (சென்னை கண்ணகி நகரில் 2020-இல் பெரிய சுவர் ஓவியங்களை வரைய ஏற்பாடு செய்ததும் இந்த அமைப்புதான்.) பொது இடத்து ஓவியம்தானே என்றது நிறுவனம். டெல்லி உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தந்த இடைக்கால உத்தரவில், இது விளம்பரமே என்று கூறி, சமூக வலைத்தளங்களில் இருந்த அந்தப் படங்களை நீக்கச் சொன்னது.

மும்பை கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? எங்கள் பொட்டிபுரம், போடி பக்கம் சுவரில் வரைபவர்கள் ஓவியத்தின் கீழ் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதிவிடுவார்கள். அதுதான் அவர்களுக்கு விளம்பரம். பிளெக்ஸ் பேனர் வந்து இவர்கள் பிழைப்பில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அவர்கள் வரைந்ததையே படமெடுத்து ஏலக்காய் பாக்கெட் லேபிளிலும் காலண்டரிலும் பிளெக்ஸிலும் போட நினைக்கிறோம். போட்டோஷாப்பில் முதலில் கிராப் ஆவது அந்தக் கீழ் மூலைதான். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

யாரிடம் அனுமதி கேட்பது? இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கே முதல் உரிமை என்கிறது 17-ஆவது பிரிவு. ஆனால் வரைந்தவர் தன் பெயரைக் கோரும் உரிமை 57-ஆவது பிரிவின்படி அவரிடமே இருக்கிறது. எனவே கடைக்காரர் சரி என்றாலும் ஓவியருக்கும் ஒரு போன் செய்யுங்கள். எங்கே, எத்தனை பிரதி என்று சொல்லி, ஒரு தொகை பேசி, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைக்க இதெல்லாம் தேவையில்லை.

பெயர் படத்தோடே போக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் ஜேபெக் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் செல்லுங்கள். ஆத்தர்ஸ் என்ற இடத்தில் ஓவியர் பெயரையும் உங்கள் பெயரையும் டைப் செய்து ஓகே கொடுங்கள். பிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் இந்த விவரம் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.