காசு கொடுத்து ‘லிங்க்’ வாங்கலாமா?

“இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டு, நாங்களே அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். இணையதளம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கூகுளில் ‘ஈரோடு மஞ்சள் தூள்’ என்று தேடினால் எங்கள் பெயரே வருவதில்லை. 18,000 ரூபாய் கொடுத்தால் 2,000 லிங்க் போட்டு முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடன் பணம் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா?”

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.

கொடுக்க வேண்டாம். முதல் இடம் நிச்சயம் என்று யாராலும் உறுதி தர முடியாது என்பதைக் கூகுள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் வாங்குவார்கள். அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியாகத் தெரியும். மற்ற வரிசையில் இடம்பிடிக்கக் கட்டணம் கிடையாது.

லிங்க் என்பது ஒரு பக்கத்தில் தொட்டால் இன்னொரு பக்கத்துக்குக் கூட்டிப்போகும் இணைப்பு. 1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ‘பேஜ்ரேங்க்’ என்ற கணக்கு முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு லிங்கும் ஒரு பரிந்துரை. ஆனால், எல்லாப் பரிந்துரைக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நிறைந்த ஏரியிலிருந்து பிரியும் வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வரும். அதே தண்ணீர் ஐம்பது மடைக்குப் பிரிந்தால் ஒவ்வொரு வயலுக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். வறண்ட குட்டையிலிருந்து எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் பயனில்லை.

அவர் விற்கும் 2,000 லிங்க்குகளும் இந்த வறண்ட வாய்க்கால்கள்தான். யாரும் படிக்காத, லிங்க் விற்பதற்கென்றே உண்டாக்கிய பக்கங்கள். இந்தத் தொழிலில் அதற்கு ‘லிங்க் பண்ணை’ என்றே பெயர்! 2012 ஏப்ரலில் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது, இப்படி லிங்க் சேர்த்த ஏராளமான தளங்கள் பின்னுக்குப் போயின. இப்போது பெரும்பாலும் அத்தகைய லிங்க்குகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மீறிப்போனால் தேடலிலிருந்தே தளத்தை நீக்கவும் செய்வார்கள்.

வேறொரு சோதனையை முதலில் செய்ய வேண்டும். கூகுளில் ‘ஸைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியை அடியுங்கள். ஒன்றுமே வராவிட்டால், கூகுள் உங்கள் தளத்தை இன்னும் பதிவு செய்யவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே லிங்க் விலைபேசுவது, விதையே போடாத வயலுக்கு உரம் வாங்குவது போல. ‘சர்ச் கன்சோல்’ என்ற கூகுளின் இலவச சேவையில் தளத்தைச் சேர்த்தால், எந்தப் பக்கம் பதிவாகியிருக்கிறது, என்ன தடை என்று காட்டிவிடும்.

நல்ல லிங்க் கேட்டு வாங்க வேண்டிய இடங்கள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. நீங்கள் உறுப்பினராக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தளம், உங்கள் தூளை வாங்கி விற்கும் கடையின் தளம், கலந்துகொண்ட கண்காட்சியின் பட்டியல். இப்படி ஐந்து கிடைத்தாலே அந்த இரண்டாயிரத்தைவிட மேல். ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பதிவும் இலவசம்தான். பக்கத்து ஊர்க்காரர் தேடும்போது வரைபடத்தில் தெரிவீர்கள்.

தளத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ‘தரமான மஞ்சள் தூள்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த ரகம், எப்படி வேகவைக்கிறீர்கள், எத்தனை நாள் காய்கிறது, சாயம் கலந்த தூளை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்கள் களத்துப் படங்களோடு எழுதினால், அதைப் பார்த்து மற்றவர்கள் தாங்களாகவே லிங்க் கொடுப்பார்கள். ‘புற்றுநோயைக் குணமாக்கும்’ என்றெல்லாம் எழுதிவிட வேண்டாம். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். மஞ்சள் போட்டவருக்குக் காத்திருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று, தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.