‘நன்றி’ என்பது விலையாகுமா?

தராசின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கையை எடுக்காத வணிகர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. சரக்கில் குறையிருந்தால் அதை வாங்குபவரிடம் எடுத்துரைத்த பின்னரே விலை பேசுவோரும் உண்டு. அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் இருக்கிறதென்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர். இத்துணைப் பேணுதலுடைய வணிகர் ஒருவரின் கடை விளம்பரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள கட்டுரை எவரோ எழுதியது. படம் எவரோ எடுத்தது. இருவரிடமும் இவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் என்றால், “கீழே ‘நன்றி’ என்று போட்டிருக்கிறோமே!” என்கிறார். அந்த ஒரு சொல்லால் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று அவர் மெய்யாகவே நம்புகிறார். தீரவில்லை என்பதே நம் வாதம்.

முன்பெல்லாம் வணிகருக்கு எழுத்து அதிகம் தேவைப்பட்டதில்லை. பெயர்ப்பலகை ஒன்று, பெருநாளுக்கு ஒரு துண்டறிக்கை, அவ்வளவுதான். இன்றோ அத்தர் விற்பவர் அத்தரின் வரலாறு எழுத வேண்டியிருக்கிறது. தேன் விற்பவர் தேனின் குணங்களை விரித்துரைக்க வேண்டியிருக்கிறது. மசாலா விற்பவர் நாள்தோறும் ஒரு சமையற் குறிப்பு வெளியிட வேண்டியிருக்கிறது. எழுத நேரமில்லை, எழுதத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க மனமில்லை. கைபேசியைத் திறந்தால் ஆயிரம் கட்டுரைகளும் படங்களும் வந்து விழுகின்றன. எடுத்துக்கொள்வது எளிதாயிருக்கிறது. எளிதானதெல்லாம் ஆகுமானதாகிவிடுமா?

பெயரைச் சொல்வது ஒரு கடமை. அனுமதி பெறுவது மற்றொரு கடமை. ஒன்றைச் செய்தால் மற்றொன்று நீங்கிவிடாது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஸனது என்பது வேறு, இஜாஸா என்பது வேறு. இச்செய்தி இன்னாரிடமிருந்து இன்னார் வழியாக வந்தது என்று வரிசைப்படுத்திச் சொல்வது ஸனது. இந்தக் கிதாபை நீர் பிறருக்கு ஓதிக் கொடுக்கலாம் என்று உஸ்தாது தம் வாயால் அல்லது கைப்பட அளிக்கும் இசைவு இஜாஸா. உஸ்தாதின் பெயர் எனக்குத் தெரியும், ஆகவே எனக்கு இஜாஸா உண்டு என்று எந்த மாணவரும் சொன்னதில்லை. அந்த இஜாஸா கல்வியின் தகுதியைக் குறித்ததேயன்றி விற்பனை உரிமையைக் குறித்ததன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் பெயருரைத்தலும் இசைவு பெறுதலும் இரு வேறு செயல்கள் என்னும் தெளிவு நம் கல்வி மரபிலேயே ஊறிக் கிடக்கிறது. அதை மறந்துவிட்டு ‘நன்றி’யைக் காட்டுவது நமக்கு அழகன்று.

நாட்டின் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு, இப்படைப்பு என்னுடையது என்று உரிமை கோரவும், தம் மதிப்புக்கு ஊறு நேரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு அதிகாரம் தருகிறது. படியெடுக்கவும் மக்களிடம் பரப்பவும் மொழிபெயர்க்கவும் உள்ள தனியுரிமையை 14-ஆம் பிரிவு தனியே சொல்கிறது. உரியவரின் இசைவின்றி அவற்றைச் செய்வது மீறல் என்று 51-ஆம் பிரிவு கூறுகிறது. கீழே பெயரைப் போடுவோர் முதலாவது உரிமைக்கு மட்டுமே மதிப்பளிக்கிறார்கள். இரண்டாவது உரிமையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

நம்மிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் பொருள்களைப் பற்றிய அறிமுகங்களை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கடைக்காக அவர் பத்து நாட்கள் அலைந்து விவரம் திரட்டி எழுதியதை, வேறோர் ஊரிலுள்ள கடையொன்று வரி மாறாமல் எடுத்துத் தன் விளம்பரத்தில் இட்டுக்கொண்டது. அடியில் அவர் பெயரும் நன்றியும் இருந்தன. விசாரித்தபோது கிடைத்த மறுமொழி: “உங்கள் பெயரைத்தானே ஊரறியச் செய்தோம், தம்பி! சந்தோஷப்பட வேண்டாமா?” அந்தக் கடைக்காரரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். உம் கடையிலிருந்து ஒருவர் பத்துக் கிலோ பேரீச்சம்பழத்தைக் கேளாமல் எடுத்துச் சென்று, தம் கடை வாசலில் ‘இப்பழம் இன்னாருடையது, அவருக்கு நன்றி’ என்று எழுதி வைத்து விற்றால், நீர் சந்தோஷப்படுவீரா? பழத்துக்கு விலையுண்டு, எழுத்துக்கு இல்லை என்று உமக்குச் சொன்னவர் யார்?

“எல்லாரும் காணும்படி வெளியிட்டிருக்கிறார்கள், உரிமை பதிவு செய்யப்பட்டதாக எங்கும் குறிப்பில்லை” என்பது அடுத்த சாக்கு. காண வைத்தது வேறு, கொடுத்துவிட்டது வேறு. கடைத்தெருவில் விரித்து வைத்த துணியெல்லாம் இலவசத் துணியா? இந்நாட்டில் பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமன்று. எழுதிய அக்கணமே, படம் எடுத்த அக்கணமே உரிமை பிறந்துவிடுகிறது. முத்திரையோ எச்சரிக்கை வாசகமோ இல்லாமையால் அது அழிந்துவிடுவதில்லை. வெளிநாட்டார் படம்தானே என்று எண்ணுவதும் வீண். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் பங்கு கொண்டிருக்கிறது. அந்த நாடுகளின் படைப்புகளுக்கு இங்கும் காப்புண்டு. படைத்தவர் மறைந்தாலும் உரிமை உடனே மறைவதில்லை. அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் அது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. வாரிசுரிமையின் பங்குகளை நுணுகிக் கணக்கிடும் சமுதாயம் நாம். அநாதையின் பங்கைத் தொடுவதற்கு அஞ்சுகிறோம். மறைந்த எழுத்தாளரின் பிள்ளைகளுக்குரிய பங்கைத் தொடும்போது அந்த அச்சம் எங்கே போகிறது?

“அறிவு பொதுவானது, அதை மறைப்பது பாவமல்லவா?” என்று மார்க்கத்தின் பெயரால் கேட்போரும் உளர். இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. ஆலிம்களிடையே இது பற்றிக் கருத்து வேறுபாடு இருந்ததும் உண்மை. ஆயினும் பதிப்புரிமை அறிவைப் பூட்டி வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாடகத்தைத் தழுவித் திரைப்படம் எடுத்ததாக எழுந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் எவரும் உரிமை கொண்டாட முடியாது. அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்கும் முறைக்கும் அமைப்புக்கும் மட்டுமே உரிமையுண்டு என்றது. ஆகவே தேனின் குணங்களை நூல்களில் படித்து, உணர்ந்து, உம் சொற்களில் எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. மற்றொருவர் அமைத்த வாக்கியங்களைப் பெயர்த்தெடுப்பதே தடை. மேலும், அறிவைப் பரப்புவதாகச் சொல்லும் வணிகர் உண்மையில் பரப்புவது எதை? ஒரு கட்டுரையைப் போட்டு அதன் அடியில் தம் மசாலாப் பொட்டலத்தின் விலையைப் போடுகிறார். விற்பனைக்கு அறிவு என்னும் போர்வை எதற்கு?

சொற்களை அங்குமிங்கும் மாற்றிவிட்டால் போதுமென்று நினைப்போர் இன்று பெருகிவிட்டார்கள். பிறர் கட்டுரையைக் கணினியிடம் கொடுத்துச் சொல்லை மாற்றி வாங்குவதும் நடக்கிறது. குதிரைக்குச் சாயம் பூசினால் உடையவர் மாறிவிடுவாரா? இத்தீங்கு புதியதுமன்று. ஹிஜ்ரி 911-இல், அதாவது 1505-இல், மறைந்த இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி அவர்கள், நூலாசிரியனையும் திருடனையும் பிரித்துக் காட்டுவதென்று தலைப்பிலேயே சொல்லி ஒரு சிற்றேடு எழுதினார்கள். பிறருடைய உழைப்பைத் தமதாக்கிக் கொண்டவரைச் சுட்ட அவ்வளவு கடுமையான சொல்லை அப்பேரறிஞர் தயங்காமல் ஆண்டார்கள்.

“சட்டமே சிறிது எடுத்துக்கொள்ள இடம் தருகிறதே” என்பார் இன்னொருவர். தருகிறது, எதற்காக என்று பார்க்க வேண்டாமா? 52-ஆம் பிரிவு நியாயமான கையாளுகை என்று ஒப்புவது, தனிப்பட்ட பயன், ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி அறிவிப்பு போன்றவற்றையே. ஒரு நூலைத் திறனாய்கையில் அதிலிருந்து சில வரிகளை எடுத்துக்காட்டுவது அதில் அடங்கும். சரக்கு விற்பதற்காக ஒரு கட்டுரையை அலங்காரமாக எடுத்து வைப்பதற்கு அங்கே இடமில்லை. இத்தனை வரி, இத்தனை விழுக்காடு வரை எடுக்கலாம் என்று கடைவீதியில் உலவும் கணக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது.

இனி நம் ஆலிம்களின் அவை சொன்னதைக் காண்போம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாம் அமர்வில் இப்பொருளை ஆய்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலாக்கம், புதுக்கண்டுபிடிப்பு ஆகியவை அவரவர்க்கே உரிய ஹக்குகள். இக்கால வழக்கில் அவற்றுக்குப் பொருள் மதிப்பு உண்டு. ஷரீஅத்தில் அவை மதிக்கப்படும். அவற்றின்மீது வரம்பு மீறுதல் ஆகாது என்பது அதன் சாரம். வணிகப் பெயரும் நூலாசிரியரின் உரிமையும் ஒரே தீர்மானத்தில், ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை வணிகர்கள் கவனிக்க வேண்டும். உம் கடைப் பெயரில் ஓரெழுத்தை மாற்றி எதிர்வீதியில் ஒருவர் கடை திறந்தால் நீர் ஜமாஅத்தைக் கூட்டுகிறீர், வழக்கறிஞரைத் தேடுகிறீர். “தலைமுறையாகச் சேர்த்த பெயர்!” என்று குமுறுகிறீர். அந்தக் குமுறல் நியாயமானது. அதே நியாயம் எழுதுகிறவனுக்கும் உண்டு. ஒரு தட்டில் உம் பெயரை வைத்து நிறுக்கும்போது, மறு தட்டில் அவனுடைய எழுத்தையும் வைத்து நிறுங்கள்.

அரசாங்கமே இதில் நமக்கு முன்மாதிரி காட்டியிருக்கிறது. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அதை மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் தமிழறிஞர் பலருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியபோது, வாரிசுகளுக்குத் தொகை வழங்கியே அதைச் செய்தது. ஓர் அரசு பணம் கொடுத்துப் பெற்றுப் பொதுவாக்கும் பொருளை, ஒரு கடை பணம் கொடாமலே பொதுவென்று அறிவித்துக்கொள்வது எந்த முறை?

தடுப்பதை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாமல் விடுவது ஆசிரியர்க்கு அழகன்று. முதல் வழி, நீரே எழுதுவதும் நீரே படமெடுப்பதும். உம் சரக்கை உம்மைவிட நன்கறிந்தவர் எவர்? இரண்டாம் வழி, கேட்டுப் பெறுவது. எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, எந்த எல்லைக்குள் என்று எழுத்தில் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. கூலி கொடுத்து வெளியார் ஒருவரிடம் எழுதி வாங்கினாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை பொதுவாக எழுதியவரிடமே தங்கும் என்பதை மறவாதீர்கள். மூன்றாம் வழி, காலம் முடிந்தவற்றைக் கையாளுவது. 1950-இல் மறைந்தவர் உயிரோடிருந்தபோது வெளியிட்ட நூலின் உரிமை 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. ஆனால் பழைய நூலுக்கு அண்மையில் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பும் உரையும் அவருக்கே உரியவை. நான்காவது, ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் முறைப்படி உரியவர்களே முன்கூட்டி இசைவளித்த படைப்புகள். அவற்றிலும் நிபந்தனையைப் படித்த பிறகே கை வையுங்கள். வணிகத்துக்கு ஆகாது என்று விலக்கியவையும் அவற்றில் உண்டு. கடைக்காக எடுக்கும் சிறு படத்தில் பாட்டொன்றைச் சேர்ப்பவர்கள், அதில் பாடலாசிரியர், இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவு செய்தவர் எனப் பலர் உரிமை அடங்கியிருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிந்தே மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது 63-ஆம் பிரிவு. வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறலுக்கு மட்டுமே, காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அது இடம் தருகிறது. ஆகவே வணிகருக்கு அந்தச் சலுகை வாயிலும் அடைபட்டிருக்கிறது.

ஆயினும் சிறைக்கு அஞ்சி விலகுங்கள் என்று நாம் எழுதவில்லை. அகப்படாமல் தப்புவோரே மிகுதி என்பது எவரும் அறிந்தது. எவரும் பார்க்காதபோதும் தராசில் விரல் வைக்காதவரையே நாம் நேர்மையான வணிகர் என்கிறோம். நம் பிள்ளைகள் பலர் இன்று எழுதியும் வரைந்தும் படமெடுத்தும் பிழைக்க முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய சரக்கைத் தூக்கிப் பார்த்தால் எடை தெரியாது. அதனாலேயே அதை எடுத்துச் செல்வது எளிதாகிறது. நன்றி சொல்வது நல்ல பண்பு, தவறாமல் சொல்லுங்கள். ஆனால் முதலில் கேளுங்கள். அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள். அவர் மறுத்தால் வைத்துவிடுங்கள். அதன்பின் சொல்லும் நன்றியே நன்றி.