முப்பது இருந்தபோது எங்கே போனோம்?

ஒரு இனத்தில் இரண்டே இரண்டு உயிர்கள் மிச்சம், அதுவும் தாயும் மகளும் என்றால் என்ன செய்வது? வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் நிலை இதுதான். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவின் ஒல் பெஜேட்டா காப்பகத்தில் இறந்தது. மிஞ்சியவை அதன் மகள் நஜினும் பேத்தி ஃபாட்டுவும். இரண்டாலும் கருவைச் சுமக்க முடியாது.

அதனால் 2019 முதல் கருமுட்டைகளை எடுத்து, இறந்துபோன ஆண்களிடமிருந்து சேமித்த விந்தோடு இத்தாலிய ஆய்வகத்தில் சேர்க்கிறார்கள். 2024 தொடக்கத்தில் சுமார் 30 கருக்கள் உறைநிலையில் இருந்தன. தென் வெள்ளைக் காண்டாமிருகம்தான் வாடகைத் தாய்.

"ஒரு மிருகத்துக்கு இவ்வளவு செலவா?" என்றான் நண்பன். செய்யத்தான் வேண்டும் என்பேன். இவை தானாக அழியவில்லை. கொம்புக்காக மனிதன் கொன்றான். அந்தக் கொம்பும் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான்!

என் வருத்தம் வேறு. 2003-ல் காங்கோவின் கரம்பா பூங்காவில் இதே சுமார் 30 காண்டாமிருகங்கள் உயிரோடு மேய்ந்தன. போரும் வேட்டையும் தொடர்ந்தன. 2006-ல் நான்கைத்தான் காண முடிந்தது. தென் இனமும் ஒருகாலத்தில் நூறுக்கும் கீழே போனதுதான். தென்னாப்பிரிக்காவில் காவல் போட்டார்கள், ஆயிரக்கணக்கில் பெருகியது.

ஈரானில் ஆசியச் சிவிங்கிப்புலிகள் ஐம்பதுக்கும் குறைவு. அவற்றுக்கும் ஆய்வகம் தேவைப்படும்வரை காத்திருக்கப் போகிறோமா? நீங்களே சொல்லுங்கள்.