எயார் பேக்கைக் கழற்றி கொயில் ஸ்பிரிங் போடப்போகும் தம்பிமாருக்கு...

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருக்கிறவர்களும், அந்த வாகனத்தில் ஏறிப்போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம ஊரில் ஓடுகிற 120 ரகப் பிராடோக்களில் சிலதுக்குப் பின்பக்கம் எயார் சஸ்பென்ஷன். 2002க்கும் 2009க்கும் இடையில் வந்த வாகனங்கள். அந்த ரப்பர் பேக்குகளுக்கு இப்போது வயது போய்விட்டது. கடற்கரை உப்பு, வெயில், மணல் எல்லாம் சேர்ந்து வெடிப்பு விடுகிறது. காலையில் பார்த்தால் வாகனம் பின்பக்கம் குந்திக்கொண்டு நிற்கும். காற்று கசியக் கசிய கொம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரிந்துபோகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 வரை புதுசு எடுக்க வழியில்லை. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்கு ஏறியபோது உதிரிப்பாக விலையும் சேர்ந்து ஏறியது. அதனால் பழையதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இந்த நிலையில் "எயாரைக் கழற்றி கொயில் போடுவோம்" என்று ஒருவர் நினைத்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். பிராடோவுக்கு எயார்தான் கெத்து, கொயில் போட்டால் மதிப்புக் குறையும் என்கிற கதை எனக்குப் பிடிப்பதில்லை. அதே 120இல் எயார் இல்லாத ரகம் கொம்பனியிலிருந்தே கொயிலோடுதான் வந்தது.

ஆனால் கழற்றுவதற்கு முதல் ஒரு பேசினில் சவர்க்காரத் தண்ணி கரைத்து பேக்கிலும் குழாய் மூட்டுகளிலும் பூசிப் பாருங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் கசிவு. சிலநேரம் பேக் நல்லாயிருக்கும், மூட்டில் உள்ள சின்ன ரப்பர் வளையம்தான் போயிருக்கும். அதற்காக முழு வேலையும் செய்வது வீண். இன்னொன்று, எப்போதும் ஆள் நிறைய ஏற்றி, அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும் அடுக்குகிறவருக்கு எயார்தான் லாபம். பாரம் ஏறினால் அது காற்றை நிரப்பி உயரத்தைச் சமப்படுத்தும். கொயில் அப்படிச் செய்யாது, பாரத்துக்குத் தக்கபடி தாழும். பின்பக்கம் தாழ்ந்தால் முன் லைட் மேலே தூக்கும், இரவில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கண் தெரியாது.

சரி, முடிவு எடுத்துவிட்டீர்கள். வீட்டில் செய்யலாமா? செய்யலாம் என்பதுதான் என் கருத்து. கையில் கொஞ்சம் பழக்கம் உள்ள இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. எனக்குப் பயம் வேலையில் இல்லை, நாம் அதைச் செய்கிற விதத்தில்தான். மணல் முற்றத்தில் ஒரேயொரு ஜெக்கை வைத்துத் தூக்கி, பக்கத்தில் இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கிவிட்டு உள்ளே படுத்துவிடுகிறோம். ஏறத்தாழ 2 தொன் வாகனம். சீமெந்துக் கல் வெடிப்பதற்கு முதல் சத்தம் போட்டு அறிவிக்காது.

கொங்கிரீட் தரை வேண்டும். முன் சில்லுகளுக்கு அடை வையுங்கள். தூக்குவதற்கு முன்பே எயார் சஸ்பென்ஷனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது தானாக உயரத்தைத் திருத்தப்போய் வாகனம் அசையும். சேசிக்கு அடியில் இரண்டு பக்கமும் ஜெக் ஸ்டாண்ட். ஜெக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். பேக்கில் உள்ள காற்றை முழுசாக விட்ட பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும். பிறகு ஷொக் அப்சோபரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, இன்னொரு ஜெக்கால் அச்சை மெதுவாக இறக்குங்கள். அந்த நேரம் கண் பிரேக் ஹோஸில் இருக்கட்டும், அது இழுபடக்கூடாது. கொயிலின் நுனி இருக்கையில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். மேலும் கீழும் ரப்பர் வேண்டும். புஷ் உள்ள போல்ட்டுகளை வாகனம் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள், தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்குண்டு சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் எனக்கு அதிகம் கோபம் வருவது. பஞ்சிகாவத்தையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்பிரிங்கை வாங்கி, உயரம் கூடினால் கேஸால் ஒரு வளையம் வெட்டிப் போடுகிறார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்பிரிங்கை வெட்டினால் அது மெலியாது, விறைக்கும். பாதியாக வெட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. போதாததற்கு நெருப்புப் பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும், அந்த இடத்தில்தான் ஒருநாள் உடையும். மஹியங்கனைப் பக்கம் வளைவில் இறங்கும்போது உடைந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 120இன் கொயில் ரகத்துக்கே உரிய சோடியைத் தேடி எடுங்கள்.

டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்குக்குக் கறுப்பு டேப் ஒட்டுவதும் சரியில்லை. கொம்ப்ரசரின் பியூஸை மட்டும் பார்த்துக் கழற்றி, மிச்சத்தை ஓட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். டிஸ்கவரி 2 வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனம், அதில் பின் எயாரையும் ஏபிஎஸ் பிரேக்கையும் ஒரே பெட்டிதான் பார்க்கிறது. வயரைக் கண்டபடி வெட்டினால் பிரேக்கில் போய் முடியும்.

விற்கும்போது? பின்பக்கம் கொயிலுக்கு மாற்றியது என்று வாங்குகிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மார்க்கம் நமக்கு இதில் சந்தேகம் வைக்கவில்லை, குறையை மறைத்து விற்ற காசில் பரகத் இல்லை. "அவர் கேட்கயில்ல, நான் சொல்லயில்ல" என்பதை வியாபாரத் திறமை என்று பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து வையுங்கள்.

மாற்றிய பிறகு ஹெட் லைட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் சில்லு நட்டு உட்பட எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

ஜெக் ஸ்டாண்ட் ஒரு சோடி எங்கட வீட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து தந்தால் போதும்.