அஞ்சறைப்பெட்டி மருந்து

சென்ற மார்கழியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் திருப்பாவை சேவித்த மகளிர் கோஷ்டியில் என் மனைவியும் இருந்தாள். விடியற்காலைப் பனியில் தொண்டை கட்டாதிருக்க, அதிமதுரத்தை இடித்துக் கஷாயமாக்கி இரு வேளையும் அருந்தினாள். போதாதென்று ஒரு துண்டு வேரை வாயிலும் அடக்கிக்கொள்வாள். மார்கழி முடிந்தும் பழக்கம் விடவில்லை.

அவள் பல்லாண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவள். தை மாதத்தில் கணுக்கால்கள் வீங்கின. அழுத்தம் 170-ஐத் தாண்டிற்று. மருத்துவர் மாத்திரையைக் கூட்டி, நீர் பிரிவதற்கும் ஒன்று சேர்த்தார். இரண்டு வாரம் சென்றிருக்கும். தாயார் சந்நிதிப் படியேறுகையில் கால்கள் துவண்டு அப்படியே அமர்ந்துவிட்டாள். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது.

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, அம்மா?"

"ஒன்றுமில்லை, டாக்டர்."

முன்பும் இதே கேள்வி, இதே பதில். என் மனைவி பொய் கூறுபவள் அல்லள். பிள்ளைப்பேற்றின்போது தாய் கிளறித் தந்த லேகியமும், பேரனுக்குத் தான் உரைத்துப் புகட்டிய வசம்பும் அவளுக்கு மருந்தல்ல, அடுப்படியைச் சேர்ந்தவை. வங்கியில் பிறர் கணக்கையெல்லாம் சரிபார்த்து ஓய்வுபெற்ற நானோ, என் வீட்டுப் பாத்திரத்தில் கொதிப்பது எதுவென்று கேட்டவனில்லை. அன்று ஏதோ தோன்ற, "தொண்டைக்கு அதிமதுரம் மட்டும்..." என்று இழுத்தேன். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதிமதுரத்திற்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்னும் பொருள், நாள்தோறும் மிகுதியாகச் சேர்ந்தால் உடலில் உப்பையும் நீரையும் தங்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுமாம். அதனால் அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். கஷாயத்தை நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. கூட்டிய மாத்திரைகளும் குறைந்தன.

நம் மருத்துவத்தை நான் குறை கூறவில்லை. பின்னர் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுக்குச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவரும் முதலில் வினவியது இரத்த அழுத்தத்தைப் பற்றித்தான். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் பூண்டு லேகியத்தையும், சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்வோர் பாகற்காய்ச் சாற்றையும் தம் மருத்துவரிடம் கூறியாக வேண்டும் என்றார். வைத்தீஸ்வரன் கோயிலில் தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி வைத்தியநாதருடன் எழுந்தருளியதாகத் தலவரலாறு. மருத்துவர் அறியாத மருந்து அந்த அன்னையின் கையில் இல்லை.

இப்போது மாத்திரைப் பெட்டிக்குள் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. சென்ற மாதம் மருத்துவர் அதை வாங்கி உரக்கப் படித்தார். அதிமதுரம், நிறுத்தியாயிற்று. சுக்குக் காப்பி, வாரம் இருமுறை. கடைசி வரி எனக்கே புதிது: "மூட்டுவலிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் தந்த சூரணம், பெயர் தெரியாது."

அந்தப் பொட்டலத்தை அடுத்த முறை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.