செவிலியரின் கைக்கணினியும் லட்சுமியின் பெயரும்

கிராமத் துணைச் செவிலியருக்குக் கைக்கணினி வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் மின்கலம், நினைவகம், விலை ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. எந்த எழுத்தில் அவர் எழுதுவார் என்பது மென்பொருளாளரின் பாடாம். மொழியியல் படித்தவரின் வழக்கமான புலம்பல் என்று சிரிப்போரும் உண்டு.

2016இல் ஆந்திராவில் 'அன்மோல்' செயலி அறிமுகமானது, செவிலியரைக் கனத்த பதிவேடுகளிலிருந்து விடுவிக்கத்தான். நல்ல நோக்கமே. ஆனால் காகிதம் எந்த மொழியையும் தடுத்ததில்லை. ஆங்கில விசைப்பலகையை மட்டுமே தரும் கருவியில் 'லட்சுமி' ஒரு முகாமில் கே, எஸ், எச் என்றும் அடுத்த முகாமில் எக்ஸ் என்றும் பதிவாகிறார். பெயரைக் கொண்டு தேடுபவருக்கு அவர் இரு பெண்கள். முதல் பதிவில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே, கடும் இரத்தசோகை; இரண்டாம் பதிவில் அந்தக் கட்டம் வெறுமை. அடையாள எண் இருக்கிறதே என்பார்கள். அட்டையை வீட்டில் மறந்து வரும் கர்ப்பிணியை அவர்கள் கண்டதில்லை போலும்!

வாங்கும் குழுவில் ஒரு செவிலியரை அமர்த்துங்கள். நண்பகல் வெயிலில், அன்று வந்தோரின் பெயர்களை அவர் மொழியிலேயே அக்கருவியில் எழுதச் சொல்லுங்கள். முடியவில்லையெனில், எவ்வளவு மலிவாயினும் திருப்பி அனுப்புங்கள்.