பெயர் அறிதலும் நன்றியே

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் புதுமையை அறியாதார் மலைநாட்டில் இலர். பதுளை நோக்கி இறங்கும் வண்டி நிலையத்திலிருந்து புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே மீண்டும் செல்கிறது. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை இருப்புப்பாதை நீண்டது முதல் இதுவே வழக்கம். மேடைமீது நிற்பவரின் காலடியில் வண்டி ஓடுகிறது; அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

நமது கந்தோர்களின் நிலையும் இதுவே அன்றோ? மேசைமீது நடப்பதை எல்லோரும் காண்கிறோம். பொழுது விடியுமுன் வந்து கூட்டித் துடைப்பவரையும், தேநீர் கொணர்பவரையும், தபாற்பை சுமப்பவரையும் காண்பார் யார்?

நான் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தெமோதரையை அடுத்த ஒரு தோட்டக் கந்தோரில் தபாற்காரர் ஒருவருக்குப் பிரியாவிடை நடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பொன்னாடை வந்தது, மாலை வந்தது, வாழ்த்துமடலும் வந்தது. மடலில் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. துரை முதல் இளைய கிளாக்கர் வரை யாவரும் அவரைத் "தபால்" என்றே அழைத்து வந்தனர். பெயரறியச் செக்ரோல் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. வாயிலில் நின்ற அவரோ, "கஷ்டப்படாதீங்க ஐயா, தபால்னே எழுதிடுங்க" என்றார். சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைநாட்களில் பலமுறை அவர் பிடித்த குடையின்கீழ் நடந்தவன் நான். எனக்கும் அவர் பெயர் தெரியாது.

அந்தப் பையில் அவர் சுமந்தவை யாவை? லயங்களில் வாழ்வோருக்குத் தனி முகவரி இல்லாமையால், அவர்தம் கடிதங்கள் கந்தோர் வழியாகவே வருவது நெடுங்கால வழக்கம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. அதன் பின்னர் குடியுரிமை பற்றிய கடிதங்களும், கடல் கடந்து போன உறவினரின் கடிதங்களும் அவர் தோளிலேயே மலையேறின. ஒரு கடிதம் தவறினால் ஒரு குடும்பத்தின் விதியே மாறக்கூடிய காலம் அது. அத்தனை பேரின் பெயரையும் அறிந்து, உரியவர் கையிலே சேர்த்தவரின் பெயரை நாம் அறியவில்லை!

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். நன்றி கூறல் என்று அதற்குப் பெயரில்லை. கூறுவது ஒரு நாளில் முடிந்துவிடும். அறிவது நாள்தோறும் செய்யவேண்டியது. பெயர் சொல்லி அழைப்பதும், அவர் அமரவும் ஓர் ஆசனம் இடுவதும், பாதையிலும் பணியிலும் அவர் கண்ட குறைகளைக் கேட்டறிவதும் அறிதலேயாம்.

உரியதை உரிய காலத்தில் கொடுப்பதும் அதனுள் அடங்கும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைந்த ஊழியருக்குப் பணிக்கொடை வழங்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம். வேலை முடிந்த 30 நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். சேமலாப நிதியும் அவ்வாறே அவர் உரிமை. உரியதைத் தாமதித்துவிட்டுப் பொன்னாடை போர்த்துவது பசித்தவனுக்குப் பன்னீர் தெளிப்பது போன்றது. உரியதைக் கொடுத்தபின் போர்த்துங்கள். அப்பொழுது அது அழகாக இருக்கும்.

கந்தோர்களை நடத்தும் அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை காலை உங்கள் மேசைமீது தேநீர் வைப்பவரின் முழுப்பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதெனில், ஏட்டைப் புரட்ட வேண்டாம். அவரையே கேளுங்கள்.